பறிமுதல் செய்தால் கோப்பை

எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றும் தாவீது, ஹாக்கி என்றால் உயிரை விடுகிற ஆள். எழுபத்தைந்து மார்ச்சில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தான் மட்டும் கேட்பது பாவம் என்று, வீட்டு ரேடியோவைத் தூக்கிவந்து கலியன் டீக்கடையில் வைத்தான். நாற்பது பேர் கூடிவிட்டார்கள். கமெண்ட்ரி இந்தியில். புரிந்தவர் லாரி ஓட்டிவந்த சர்தார்ஜி ஒருவர்தான். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்து ஆட்டத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

சர்தார்ஜி தலையில் அடித்துக்கொண்டார். பாகிஸ்தான் ஒரு கோல். ரேடியோ லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வரதன் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அப்போதுதான்.

"இது வீட்டு லைசென்ஸ். குடும்பத்தார் மட்டுமே செவிமடுக்கலாம்."

"இவங்க அல்லாரும் நம்ம குடும்பம்தான் சார்."

"அந்த சர்தார்ஜி?"

"சம்மந்தி சார்."

இன்ஸ்பெக்டர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். சம்பந்தியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. விதியில் இல்லாத உறவு செல்லாது என்று தீர்ப்பாகி, ரேடியோ பொதுநலன் கருதி ஜீப்பில் ஏறியது.

"பத்தே நிமிஷம் சார், கால்ல உழறேன்!"

"கோல் யார் போட்டாலும் சட்டம் பொது" என்றார் வரதன்.

தாவீது ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேவிட்டான். பொழுது சாய்வதற்குள் சேதி வந்தது: இரண்டுக்கு ஒன்று. இந்தியாவுக்குக் கோப்பை!

"உன் ரேடியோ இங்க இருந்த வரிக்கும் தோத்துக்கினு இருந்தோம். தூக்கினு போனாரு, ஜெயிச்சிட்டோம்" என்றான் கலியன்.

தாவீது யோசித்துப் பார்த்தான். மறுக்க வழியில்லை. மறுநாள் வரதனுக்கு மாலை போட்டார்கள். 'மேற்படி பறிமுதல் நடவடிக்கையின் நேரடிப் பலனாகத் தேசம் வெற்றி பெற்றது' என்று அவரும் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

அடுத்த வருஷம் ஒலிம்பிக். யாரும் கேட்காமலே ஊர் வரிசையில் நின்று, ரேடியோக்களை வரதனிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டது.

ஆஸ்திரேலியாவோடு ஆடியதற்கு மறுநாள் காலை, பேப்பர் கட்டு இன்னும் வந்து இறங்கவில்லை. ஆனால் கலியன் கடையில் அத்தனை முகமும் தொங்கிப்போயிருந்தது. வரதனும் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு கோல் வாங்கிட்டானுங்கோ. மானமே போச்சு" என்றான் கலியன்.

"ஆறு!" என்று பத்துக் குரல் ஒன்றாகத் திருத்தியது.

"ஆறுதான். எண்ணிக்கொண்டே இருந்தேன்" என்றார் வரதன்.

தாவீதுக்கும் ஆறு என்று தெரியும். ஆனால் அவன் கேட்டது மச்சான் ரேடியோவில். அது தன் பேரில் இல்லாததால் தோல்விக்குத் தான் பொறுப்பாக முடியாது என்று தெளிவாக இருந்தான்.

"எவனோ ஒரு பேமானி ஒளிச்சி வச்சி கேட்டுக்கிறான் சார், அதான் தோத்தோம். அவனைப் புடிச்சி உள்ள போடுங்க!" என்றான் தாவீது.

கடையில் இருந்த அத்தனை பேரும், இன்ஸ்பெக்டர் உட்பட, ஆத்திரத்தோடு தலையாட்டினார்கள்.