ரிஜெக்ட் பாயின் இரண்டு பெட்டிகள்

தன் சரக்கைத் தானே கழித்துப் போட்ட வியாபாரி இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரும் ஓசூரில்தான் இருந்தார். எண்பதுகளில், தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டு, மூன்று லேத்து, நான்கு ஆட்கள். அவருடைய சொந்தப் பெயர் வாசல் பலகையில் எழுதியிருந்தது. யாரும் படித்ததில்லை. ஊருக்கே அவர் ரிஜெக்ட் பாய்.

காவேரிப்பட்டினத்துக்காரர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருப்பார்கள். இவர் அளவு பார்க்கும் வெர்னியர் வைத்திருப்பார். கடைந்து முடித்த புஷ் என்கிற உலோக வளையங்களில் பாதியை அவரே பொறுக்கி ஸ்கிராப் டிரம்மில் வீசுவார். உத்தனப்பள்ளிப் பக்கம் கேழ்வரகுக் காட்டில் கூலி வேலை பார்த்துவிட்டு லேத்துக்கு வந்த முனிராஜ்தான் அங்கே மூத்த ஆள். அவன் தலையில் கை வைத்துக்கொள்வான்.

"கம்பெனிக்காரனே பாஸ் பண்ணிருவான் பாய். நீங்க ஏங்க தூக்கிப் போடறீங்கோ?"

"அவன் பண்ணுவான்டா. நான் பண்ணல."

ஒருநாள் டீக்கடையில் வடை வாங்கி, வெர்னியரை வைத்துப் பார்த்து, "ஓட்டை சென்டர்ல இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரருக்குக் கோபம் வந்தால் தெலுங்கும் கன்னடமும் தமிழும் சேர்ந்தே வரும். அன்று எதுவுமே வரவில்லை. மறுநாள் முதல் கடையில் போண்டாதான்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில், கதவு கோணலாக இருக்கிறது என்று எழுந்துவிட்டார். சம்பந்தம் முறிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பாய் கீலைக் கழற்றி, தட்டி நிமிர்த்தி, மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, "இப்ப பேசலாங்க" என்றார். கல்யாணம் நடந்தது.

அவரிடம் புஷ் வாங்கிய பெரிய வண்டிக் கம்பெனியில் நான் அப்போது இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை, வருகிற சரக்கை அளந்து முத்திரை குத்துகிறவன். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் பாக்கி. எல்லாப் பெட்டியிலும் பத்துப் பத்து எடுத்து அளக்க வேண்டும் என்பது சட்டம். பாயின் பெட்டியை மட்டும் யாரும் அளப்பதில்லை. "அந்த ஆள் மோசமானதை ஷெட்டிலேயே கழித்துவிட்டுத்தான் அனுப்புவார், குத்து" என்பதுதான் எனக்கு அங்கே கற்றுக்கொடுத்த முதல் பாடம். நானும் குத்தினேன். ரிப்போர்ட்டில் அளவுகளை மனசுக்குத் தோன்றியபடி எழுதினேன்.

ஒரு புதன்கிழமை பாய் பெங்களூரிலிருந்து புது கேஜ் வாங்கி வந்தார். புஷ் அதன் வாய்க்குள் நுழைந்தால் அளவு சரி. நுழையவில்லை. பழைய கேஜ் தேய்ந்து வாய் அகன்றுபோயிருந்தது. அதை நம்பி அனுப்பிய இரண்டு பெட்டிகள் எங்கள் ஸ்டோரில், நான் குத்திய முத்திரையோடு இருந்தன. மறுநாள் அவற்றை வண்டிகளில் பொருத்துவார்கள். பிரேக் மிதியில் மாட்டுகிற புஷ் அது. இறுகினால், காலை எடுத்த பிறகும் மிதி திரும்பாது.

ஷெட்டில் நடந்ததை முனிராஜ் பிறகு என்னிடம் சொன்னான். "பாஸானது பாஸானதாவே இருக்கட்டும், வாய் தெறக்காதீங்க பாய். இந்த ஒரு ஆர்டர நம்பித்தான் நாலு வூட்ல அடுப்பு எரியுது" என்று இவன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருக்கிறான். பாய் சொன்னது ஒரே வார்த்தை: "பிரேக்குடா."

மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பியபோது பாய் அவர் அறையில் நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் அந்தப் புஷ்களில் ஒன்று. பக்கத்தில் என் ரிப்போர்ட்.

"சரக்கு தப்புன்னு இவரே வந்து சொல்றார். நீ எல்லாம் சரின்னு எழுதிக் கையெழுத்து போட்டிருக்கே. அளந்தியா இல்லையா?"

பாய் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார் அளந்தாருங்க. அவரு பாத்ததெல்லாம் நல்ல சரக்குங்க. அதுக்கப்பறம் நான்தான் ஸ்டோருக்கு எடுத்துட்டுப் போறப்போ பொட்டிய மாத்திட்டேன்."

கேஜ் தேய்ந்தது தவறு. தவறுக்கு மன்னிப்பு உண்டு. பெட்டியை மாற்றியது மோசடி. அரை மணி நேரத்தில் ஆர்டர் ரத்தானது. வாசல் காவலரிடம் அவர் பெயரைக் கொடுத்து உள்ளே விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

வேலை நிரந்தரமான பிறகுதான் அவரைப் பார்க்கப் போகும் தைரியம் வந்தது. இரண்டு லேத்துகள் போயிருந்தன. முனிராஜ் மட்டும் மிச்சம். பாய் ஒரு பம்புசெட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

"என்ன நம்பித்தான தம்பி அளக்காம வுட்டீங்க?" என்றார், நிமிராமலே. "நம்புனதுக்கு உங்க வேல போவணுமா?"

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. பெட்டி மாற்றிய பாய் என்று அந்தத் தொழிற்பேட்டையில் இன்னும் நாலு பேர் சொல்கிறார்களாம். எந்தப் பெட்டியும் மாறவில்லை, ஐயா. அளக்காதவன் நான்தான். என் பாயை ஒன்றும் சொல்லாதீர்கள்.