வெட்டிய வாழை எழுந்து நின்ற காலை

என் வீரம் வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்கிற சாமான். கரண்ட் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டில் தங்கச்சி மாரிக்குப் பூ வைக்கிற விசேஷம். அபிராமத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் விடியற்காலை முகூர்த்தத்துக்கு வருகிறார்கள். முன்பே இரண்டு இடம் தட்டிப்போனதில் அம்மாவுக்குச் சோறே இறங்கவில்லை. இதுவாவது நிலைக்க வேண்டும். வாசலில் வாழைமரம் கட்டுவது என் பொறுப்பு. முதல் நாள் சாயங்காலம் ஒன்றை வெட்டிக் கட்டினேன். ஜோடி மரத்தைக் காலையில் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். (சோம்பேறித்தனம் எங்கள் குடும்பச் சொத்து. என் பங்கு கொஞ்சம் அதிகம்.)

கிழக்கு வெளுக்கும் நேரம். அரிவாளோடு கொல்லைக்குப் போனேன். கடல் பக்கம் ஒரு சத்தமில்லை. ஓர் இலை அசையவில்லை. ஆனால் எங்கோ தண்ணீர் சொட்டியது. குழாயைப் பார்த்தேன். இறுக்கி மூடியிருந்தது.

சொட்டியது நேற்று வெட்டிய கட்டை.

தட்டையாக வெட்டியிருந்தேன். இப்போது அதன் நடுவிலிருந்து வெளிறிய ஒன்று சாண் உயரத்துக்கு விறைத்து நின்றது. மண்ணுக்குள்ளிருந்து யாரோ விரலை நீட்டியது போல. தொட்டேன். பிணச் சில்லிப்பு. அதைச் சுற்றித் தண்ணீர் ஊறி வழிந்துகொண்டிருந்தது. ஊற்ற ஆளில்லை. மழையும் இல்லை.

"ஏலே, யாருலே அங்கன?" என்றேன். (கட்டையிடம்தான்.)

ஒரே வீச்சில் அதைச் சீவினேன். வெட்டுவாயில் மறுபடி துளித்துளியாக அரும்பியது, வேர்ப்பது போல. குனிந்தால் என் வேட்டி! நேற்று வெறும் தண்ணீராகத் தெறித்ததெல்லாம் இன்று கருஞ்சிவப்பாக, திட்டுத்திட்டாக.

"ரத்தம்! வெட்ட வெட்ட எந்திரிக்குது!"

அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன், அரிவாளோடு. அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

இறங்க ஒரு கால் வைத்த மாப்பிள்ளையின் அம்மா, அந்தக் காலை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டார். "டிரைவர் தம்பி, வண்டியத் திருப்புப்பா!"

எங்கள் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மாரி பாதி பின்னிய சடையோடு வெளியே வந்தாள். கல்லூரியில் தாவரவியல் படித்தவள். அரிவாளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேனைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தை, பயப்படாதீங்க. வாழைக்கறை. காத்துப் பட்டா இப்படித்தான் நிறம் மாறும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ தலையத்தாண்ணே வெட்டுன. வேருக்கு யாரு சொன்னா? அது பாட்டுக்குத் தண்ணிய மேல தள்ளுது. ஆவியா விட இலை இல்ல, அதான் வழியுது. நடுவுல நிக்கிறது சுருண்ட குருத்து. அது வளந்துக்கிட்டேதான் இருக்கும்."

வேனிலிருந்து மாப்பிள்ளை இறங்கினார். "எனக்கு அதப் பாக்கணுமே" என்று நேராகக் கொல்லைக்கு நடந்தார். பின்னாலேயே எல்லோரும். நான் சீவிய இடத்தில் குருத்து அதற்குள் நெல்மணி அளவு தலை தூக்கியிருந்தது. அவர் என் காதருகே வந்து, "எந்திரிக்குது மச்சான், ஓடிருவோமா?" என்றார். முதலில் சிரித்தது அவர் அம்மாதான். பூ வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

இன்றும் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் மாப்பிள்ளை என் இலையை எட்டிப் பார்ப்பார். "மச்சான், வளருது. சீக்கிரம் சாப்பிடுங்க." பந்தியே சிரிக்கும். நானும்தான்.

சிரித்துக்கொண்டே இலை ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன்.