கட்டு மாஸ்டரும் பெரிய வெள்ளியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்தக் காலத்தில் கட்டுப் படாமல் தப்பிய சீவன் ஒன்று இருந்தால், அது கடலுக்குள் இருந்த மீனாகத்தான் இருக்க வேண்டும். மிச்சம் எல்லாவற்றுக்கும் எங்கள் கட்டு மாஸ்டர் கட்டுப் போட்டுவிட்டார். ஆட்டுக்கு, நாய்க்கு, முறிந்த முருங்கைக் கொப்புக்கு, ஒருமுறை அச்சுவேலிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த மாட்டு வண்டியின் அச்சுக்குக்கூட. வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாம். மாடுதான், அடுத்த கட்டுத் தனக்கோ என்ற பயத்தில், அன்றைக்கு வைக்கோலைத் தொடவில்லையாம்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. கிழமை நாட்களில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கோயில் ஸ்கவுட் குழுவுக்கு மாஸ்டர். கச்சேரிக்கு வேட்டியும் கோட்டுமாகப் போகிறவர், சனிக்கிழமை கட்டைக் களிசானும் அகலத் தொப்பியுமாக வந்து நிற்பார். வளர்ந்த ஆம்பிளை முழங்கால் தெரியக் கோயில் வளவுக்குள் நிற்பதா என்று பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போவார்கள். முக்காட்டின் விளிம்பால் பார்த்துக்கொண்டும் போவார்கள்.

மனைவி நெடுநாளைக்கு முன்பே காலமாகி, இருந்த ஒரு மகனும் போய், தனியே சமைத்துத் தின்ற மனிதர். அவருக்கு உலகம் என்றால் சனிக்கிழமை. மற்ற நாட்கள் எல்லாம் அதற்குப் போகும் வழி.

ஆனால் குழு அவருடையதல்ல, கோயிலுடையது. கூடுகிற மண்டபம் கோயிலின் மண்டபம். கொடி கோயிலின் கொடி. எங்கள் கழுத்து லேஞ்சிகூடக் கோயில் வாங்கித் தந்த துணி. எங்கள் பங்குக் குருவான சுவாமி இதை மறக்கவும் மாட்டார், பிறரை மறக்க விடவும் மாட்டார். சுவாமி நல்லவர். சிரிப்பையும் பாவங்களோடு சேர்த்து வைத்திருந்தாரோ என்று மட்டும் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

இருவருக்கும் முதலில் முட்டியது கோயில் திருநாளன்று. தேர் புறப்படும் நேரம், சுவாமி படியில் சறுக்கிக் கணுக்காலைப் பிரட்டிக்கொண்டார். மாஸ்டர் ஒரு விசில் அடித்தார். அவ்வளவுதான், இலையான் மொய்த்தது போல நாங்கள் சுவாமியை மொய்த்துவிட்டோம். சுளுக்கியது கால். ஆனால் அந்தக் கிழமை நாங்கள் படித்திருந்தது கைக்கட்டு மட்டும். படித்ததைத்தானே செய்யலாம்? சுவாமியின் வலக்கை அசைய முடியாதபடி நெஞ்சோடு சேர்ந்து போனது.

“கால், மாஸ்டர், கால்!” என்று சுவாமி குழறினார்.

“பொறுங்கோ சுவாமி. கால் அடுத்த கிழமைதான்” என்றார் மாஸ்டர், வலு மரியாதையாக.

சுவாமி அன்றைக்கு இடக்கையால் ஆசீர்வாதம் கொடுக்க வேண்டியதாயிற்று. இடக்கை ஆசீர்வாதம் பலிக்குமோ பலிக்காதோ என்று கடற்கரையில் ஒரு மாதம் வாதம் நடந்தது. அந்த மாதம் மீனும் சரியாகப் படவில்லை. சுவாமி மாஸ்டரை அழைத்துச் சொன்னார்: “இது கடைசி. இன்னொரு பகிடி நடந்தால் குழுவைப் பூட்டிப் போடுவன். விளங்குதே?”

“ஓம், சுவாமி” என்றார் மாஸ்டர். முகம் செத்துப் போயிருந்தது.

அந்த வருஷம் பெரிய வெள்ளி வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஆண்டவர் பட்ட பாடுகளைச் சொல்லிப் புலம்பும் வியாகுலப் பிரசங்கம் பாடி முடியும் வேளை, சிலுவையிலிருந்து ஆண்டவருடைய சுரூபத்தை ஆணி கழற்றி இறக்கி, ஆசந்தி என்கிற பாடையில் கிடத்தி ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். கையும் காலும் மடங்குகிற, ஆள் உயரச் சுரூபம். ஆசந்தி தூக்குகிற உரிமைக்கு ஊரில் இரண்டு பகுதி. முந்தின வருஷம் முன்தோள் யாருக்கு என்ற சண்டையில் ஆண்டவரை இன்னொரு முறை கொல்லப் பார்த்தார்கள். சுவாமிக்குச் சீ என்று போய்விட்டது. “ஒரு பகுதியும் தூக்கத் தேவையில்லை. ஸ்கவுட் பொடியள் தூக்கட்டும்” என்றுவிட்டார்.

மாஸ்டருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. கோயில் தன் பிள்ளைகளை நம்பிவிட்டதே! பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் முழுக்க எங்களை வைத்துப் பழக்கினார். சூசைமுத்து எங்கள் அணித்தலைவன், நல்ல கனம். அவனையே படுக்க வைத்துத் தூக்குவோம். தூக்குமுன் கட்டுவோம். அது வழக்கம். “காயப்பட்டவனைக் கண்டால் முதல் வேலை. அழுகை பிறகு. உங்கடை அழுகை அவனுக்கு என்னத்துக்கு?” என்பார் மாஸ்டர். தூக்கமாட்டாமல் நாங்கள் சிரித்தால், அவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

பெரிய வெள்ளி மத்தியானம் கோயில் நிறையச் சனம். மணி அடிக்கக்கூடாத நாள். அண்ணாவியார் வியாகுலத்தை இழுத்து இழுத்துப் பாட, பெண்கள் மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஏணியில் நின்றவர்கள் ஆணியைக் கழற்றிச் சுரூபத்தை மெல்ல எங்கள் கைகளில் இறக்கினார்கள். நெற்றியில் இரத்தம், விலாவில் இரத்தம், இரண்டு கையும் துவண்டு விழுந்தன.

சூசைமுத்து கழுத்து லேஞ்சியைக் கழற்றி விலாவில் வைத்து அமத்தினான். அவன் யோசித்துச் செய்ததல்ல. அவன் செய்ய, எங்கள் கைகளும் தாமாகவே ஓடின. ஒருவன் காலில் சுற்றினான். நான் இடக்கையை மடித்து முடிச்சுப் போட்டேன். மறித்திருக்க வேண்டிய மாஸ்டர், கண்ணால் நீர் வடிய, ஏணியடியில் நின்று மெதுவாகச் சொல்கிறார்: “தலையைத் தாங்கு... தலையைத் தாங்கு மோனை...”

அண்ணாவியாரின் பாட்டு அறுந்தது. “சேசு மரி சூசை! ஆண்டவருக்குக் கட்டுப் போடுறாங்கள்!” என்றது ஒரு குரல். எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு கோயிலே சிரித்தது. பெரிய வெள்ளியன்று, கோயிலுக்குள்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் சுவாமியின் அறை யன்னலுக்குக் கீழே நின்று கேட்டோம்.

“செத்துப்போன ஆண்டவருக்குக் கட்டுப் போடுற கூட்டத்தை எங்கையாவது கண்டிருக்கிறீரோ?”

“செத்திட்டார் எண்டு ஆர் சுவாமி சொன்னது? ஆரேன் நாடி பாத்தவையோ?”

“மாஸ்டர்! விசர்க் கதை கதையாதையும்!”

பிறகு மாஸ்டருடைய குரல் வந்தது. அந்தக் குரலை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

“என்ரை பொடியனைக் கடலிலையிருந்து தூக்கிக் கொண்டந்து கரையிலை கிடத்தினவை, சுவாமி. ஊரே சுத்தி நிண்டு குழறி அழுதது. ஒரு சனம் தொட்டுப் பாக்கேல்லை. நானும் நிண்டு குழறினன். உயிர் இருந்துதோ இல்லையோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது.”

கதிரை ஒன்று இழுபட்ட சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் ஊர் விட்டதா? அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பகுதியாரும் தோளோடு தோள் ஒட்டி வந்து, ஸ்கவுட்டைக் கலை என்று சுவாமிக்கு முன்னால் நின்றார்கள். அவர்களை ஒற்றுமையாக்கிய புண்ணியமும் மாஸ்டருக்குத்தான். உயிர்த்த ஞாயிறன்று சுவாமி பிரசங்கத் தொட்டியில் ஏறி, குழு கலைக்கப்பட்டது என்று வாசித்தார். கொடியைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்தார்கள். மண்டபத்துக்குப் பூட்டு விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் மாஸ்டர் வந்தார். அதே களிசான், அதே தொப்பி. பூட்டின மண்டபத்துக்கு முன்னால் நின்று விசில் அடித்தார். ஒருவரும் போகவில்லை. வீடுகளில் எங்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். கொடியில்லாத கம்பத்துக்குச் சலூட் அடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்கடுத்த சனியும் வந்தார். மழையிலும் வந்தார்.

சுவாமி யன்னலால் எட்டிப் பார்த்துக் கேட்டாராம்: “ஆரை மாஸ்டர் கூப்பிடுறீர்?”

“வாறவையை, சுவாமி.”

மாரிக்குள் ஒரு சனிக்கிழமை விசில் கேட்கவில்லை. மாஸ்டருக்கு நெருப்புக்காய்ச்சல். சூசைமுத்துவும் நானும் வீட்டுக்குத் தெரியாமல் பார்க்கப் போனோம். பாயில் ஒரு பிடி எலும்பாகக் கிடந்தார்.

“காய்ச்சலுக்கு எங்கை தம்பி கட்டுறது?” என்று சிரித்தார். பிறகு கேட்டார்: “குழுவைப் பற்றிச் சுவாமி என்னவாம்?”

“யோசிக்கிறாராம், மாஸ்டர்” என்று சூசைமுத்து பொய் சொன்னான்.

“அப்ப சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். ஸ்கவுட் உடுப்போடு வரட்டாம் என்று சுவாமி ஆளனுப்பியிருந்தார். உடுப்புகள் இறுகிப்போயிருந்தன. இரண்டு பகுதியாரும் ஒதுங்கி நிற்க, நாங்கள்தான் தூக்கினோம். மண் போட்டு முடிந்தபின் சுவாமி எங்களிடம் வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல், “நாளைக்குச் சனிக்கிழமை. மண்டபம் திறந்திருக்கும், வாங்கோ” என்றார்.

போனோம். பூட்டுத் திறந்திருந்தது. கொடி ஏறியது. சுவாமியே வந்து முன்னால் நின்றார். குழுவைத் திருப்பித் தந்துவிட்டார், பாவம். எங்களுக்கு வேண்டியிருந்தது மாஸ்டர்.