பாறைக்குப் பனியன்

வீட்டில் துணி குவிந்து கிடக்கும்போது வேறொன்றைக் கடையில் வாங்கத் திருப்பூர்க்காரனுக்கு மனசு வராது. அந்த மனசால்தான் கற்காலத்துக் காளை ஒன்றை நான் முதலையாக்கினேன். (அறிவின்மைக்கும் அதில் பங்குண்டு.)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தொல்லியல் படித்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை. "செத்தவங்களப் பத்தி உசுரோட இருக்கறவன் எதுக்குப் படிக்கோணும்?" என்பார். படிப்பு முடிந்ததும் கெடு வைத்தார். "தை வரைக்கும் பாரு கண்ணு. வேலை அமையலீன்னா கட்டிங் டேபிளுக்கு வந்துரோணும்."

மார்கழியில் எங்கள் பேராசிரியை கூப்பிட்டார். அமராவதி நகரைத் தாண்டி மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஆதிமனிதர்கள் பாறைகளில் கொத்திய உருவங்கள். மழையும், பெயர் செதுக்கும் காதலர்களும் அவற்றை அழிப்பதற்குள் அசல் அளவில் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும். குழுவில் ஒரே ஓர் இடம் பாக்கி.

"சோதனைக்கு ஒரு பாறை மட்டும் செய்ங்க. சரியா வந்தா இடம் உங்களுக்கு. மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட் வாங்கிக்குங்க" என்றார் மேடம்.

பிளாஸ்டிக்கா? பனியன்காரன் மகனா? வீட்டிலிருந்த வெள்ளைப் பனியன் துணியில் நைஸாக ஒரு சுருளை உருவிக்கொண்டு பஸ் ஏறினேன். துணியில் சுருக்கம் விழக்கூடாதே என்று மேல் முனையைப் பாறையை ஒட்டிய மரத்தில் கட்டி, கீழ் முனையில் கல்லைத் தொங்கவிட்டேன். துணி விறைத்து நின்றது. அடியிலிருந்த கொத்தல்களை விரலால் தடவித் தடவி, மெழுகுப் பென்சிலால் கோடு போட்டேன். முழ நீளத்துக்கு ஒரு திமில் காளை. அதன் முன்னால் வில்லோடு ஒருவன்.

ஆடு மேய்த்துக்கொண்டு வந்த அக்கா ஒருவர் நின்று பார்த்தார்.

"ஏனுங் தம்பி, பாறைக்குக் குளுருதுங்களா?"

"இல்லீங்க்கா, படியெடுக்கறேன்."

"நாங்கூடப் பனியன் போட்டு உடறீங்களாக்கும்னு நெனச்சேன்" என்றவர், "பாறைக்கு என்னங்க சைஸு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போட்டோ எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தேன். துணி போர்த்திய பாறைக்கு முன்னால் நான் சிரித்துக்கொண்டு நிற்கும் செல்ஃபிகள், பதினொன்று.

மறுநாள் மேடத்தின் மேசையில் சுருளைப் பிரித்தேன். கட்டு அவிழ்ந்த துணி தன் இயல்புக்குத் திரும்பியிருந்தது. நீளம் சுருங்கி, அகலம் விரிந்து, காளையின் கால்கள் கட்டையாகி வயிறு தரையைத் தொட்டது. வில்லாளி அம்மிக்கல் போல் இருந்தான்.

"இது என்ன?" என்றார் மேடம்.

பாறையில் பார்த்தது காளைதான். ஆனால் பயத்தில் என் கண்ணை நம்பாமல் துணியை நம்பினேன்.

"முதலைங்க மேடம்."

"மலையிலயா?"

"அமராவதி ஆறு பக்கந்தானுங்களே மேடம். அந்தக் காலத்துல இருந்திருக்கலாம்."

"கொம்போடயா?"

"அது... அழிஞ்சுபோன இனமா இருக்குமுங்க."

மேடம் தன் போனில் அந்தப் பாறையின் படத்தைக் காட்டினார். திமிலைத் தூக்கிக்கொண்டு காளை என்னையே முறைத்தது. "திங்கக்கிழமை வரைக்கும் டைம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அப்பா துணியை விரித்தார். இடம் போய்விடுமோ என்று எனக்குக் கவலை, அவருக்கு வேறு கவலை.

"இழுத்துக் கட்டி மார்க் போட்டயா?"

"ஆமாங்ப்பா."

"கட்டிங் மாஸ்டரு பையன்டா நீ! ரோலப் பிரிச்சு ஒரு நாளு சும்மா போட்டு, இழுப்பு அடங்குன பொறவுதான் துணியில கையே வெப்போம். வெளிய சொல்லீராத. எம் மானம் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவரே கிளம்பிவிட்டார். கையில் கம்பெனியில் பேக்கிங்குக்கு வைத்திருக்கும் பாலித்தீன் ரோல். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு, பாதி மசால் வடை எனக்கு. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போன நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் தனியாகப் பயணம் போனது அன்றுதான். பனி விலகாத பள்ளத்தாக்கில், டேபிளில் துணி விரிப்பதுபோல் ஷீட்டை இழுக்காமல் கொள்ளாமல் பாறைமேல் படுக்க வைத்தார். நான் வரைந்து முடிக்கும்வரை ஓரங்களைப் பிடித்துக்கொண்டு குத்த வைத்து உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் காளையின் முதுகுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "பேட்டர்ன் இல்லாம ஒரே ஓட்டத்துல போட்டிருக்கான் பாரு. கை சுத்தமான ஆளு."

செத்தவர்களில் ஒருவரை அப்பா பாராட்டி நான் கேட்டது அதுவே முதல் தடவை. திங்கட்கிழமை இடம் எனக்குக் கிடைத்தது. தை வந்தது, போனது. கட்டிங் டேபிள் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

முதலைத் துணியை அம்மா தலையணை உறையாகத் தைத்துவிட்டார். பஞ்சை இறுக்கி அடைத்ததும் துணி இழுபட்டு, காளை எழுந்து நின்றுகொண்டது. இப்போதும் பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், அப்பா அந்தத் தலையணையைத்தான் எடுத்து வருகிறார். உறையைக் கழற்றிக் காட்டுவார்.

"இது என்ற பையன் பாறைக்குப் பனியன் போட்டுப் புடிச்ச முதலைங்க."

பிறகு பொறுமையாக மாட்டிக் காட்டுவார்.

"இது அந்தக் கல்லுல இருக்கற காளைங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதானுங்க அவன் படிச்ச படிப்பு."