மாலைக்காவலர்

மனிதர்களுள் மாலைக்காவலர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் அவரைச் சந்தித்தே இருப்பீர்கள், உங்கள் தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியை அணைத்துவிட்டு, “இப்ப வேர்க்கலையே?” என்று கேட்டிருப்பார்.

நாம் காணப்போகும் மாலைக்காவலர் மின்பகிர்வு மையத்தில் பொறியாளர். பகலெல்லாம் அணைத் தண்ணீரை அடக்கிவைத்து, ஊரார் விளக்கேற்றும் மாலையில் திறந்து மின்சாரம் எடுப்பது தொழில். அதில் அவர் சூரர். ஒரு மணிநேரத்தை மட்டும் பார்ப்பவன் ஊரை இருட்டாக்குவான், நாள் முழுவதையும் ஒன்றாகப் பார்ப்பவனே பொறியாளன் என்பது அவர் கொள்கை. அதை அலுவலகத்தோடு விட்டிருக்கலாம் அல்லவா?

விடவில்லை. வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் விடியலில் சுழலும், இஸ்திரிப்பெட்டி உச்சிவேளையில் சூடேறும், மிக்ஸி ஓடினால் மோட்டார் ஓடாது, இரண்டும் ஓடாத வேளையில் மனைவியின் முணுமுணுப்பு ஓடும். இன்வெர்ட்டர் பேட்டரி மாலைக்கென்றே நேர்ந்துவிடப்பட்டது. பகலில் அதற்குப் பூட்டு. சாவி அவர் சட்டைப்பையில்.

அவர் விடுப்பிலிருந்த ஒரு பிற்பகல், மகளுக்கு இணையவழி நேர்காணல். படிப்பு முடிந்து அவளுக்கு வந்த முதல் அழைப்பு. பாதியில் தெருவெங்கும் மின்சாரம் போயிற்று. அவளுடைய பழைய மடிக்கணினியும் கண்ணை மூடியது.

“அப்பா, போன் பண்ணிக் கேட்டேன், பத்து நிமிஷம் தரோம்னாங்க. சாவியைக் குடுங்க.”

“குடுக்கலாம்மா. இப்பவே செலவு பண்ணிட்டா சாயந்திரம் என்ன பண்றது? இரு, கணக்குப் போட்டுச் சொல்றேன்.”

“ஏங்க, அவ வேலை பெரிசா, உங்க பேட்டரி பெரிசா?” என்றார் மனைவி.

“ரெண்டுக்கும் சேர்த்துத்தான் போடுறேன்.”

போட்டார். மின்விசிறி, விளக்கு, வானத்து மேகம், விருந்தினர் வரக்கூடும் என்ற ஐயம், ஒன்றையும் விடவில்லை. தாராளமாகக் கொடுக்கலாம் என்று விடை வந்தது. சரியான விடைதான். பெருமிதத்தோடு சாவியை எடுத்து நிமிர்ந்தால், அறையில் ஒருவரும் இல்லை. எதிர்வீட்டுத் தையற்காரப் பெண்மணி, பேட்டரியில் ஓடிய தம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மகளைத் தம் வீட்டுக்கு அழைத்து அதைக் கொடுத்திருந்தார். நம்மவர் கணக்கில் எல்லா நேரத்துக்கும் இடமிருந்தது. கணக்குப் போடும் நேரத்துக்கு மட்டும் இல்லை.

மாலை வந்தது. மின்சாரமும் வந்துவிட்டது. பேட்டரி துளியும் குறையவில்லை. தொலைபேசியில் மகள் பேசினாள்.

“அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்காங்கப்பா. தையல்கார அக்கா இங்கயே சாப்பிடச் சொல்றாங்க. அம்மாவும் இங்கதான் இருக்காங்க.”

“நான்?”

“நீங்க பேட்டரிக்குத் துணையா இருங்க.”

சிரிக்கிறீர்கள். நல்லது, நீங்கள் இந்த இனமில்லை. ஆனால், உங்கள் அலமாரியில் உறை பிரிக்காமல் ஒரு சட்டை கிடக்கிறதே, அது எந்த மாலைக்காக?