முக்கால்வாசி மூக்கு

இனிமேல் குடித்தால் ஸ்காட்ச் மட்டும்தான் என்று திம்மராயன் முடிவெடுத்தார். எடுத்தபோது கையில் ஸ்காட்ச் இருந்தது. அதனால் முடிவெடுப்பது சுலபமாக இருந்தது.

ஓசூரில் கியர் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் ஷிப்ட் சூப்பர்வைசர். மேனேஜருக்கு மாற்றலாகி, பைபாஸ் ஓட்டலில் பிரிவு விருந்து நடந்தது. மேனேஜர் தன் சொந்த பாட்டிலைத் திறந்து திம்மராயன் கிளாஸில் கொஞ்சம் ஊற்றினார். திம்மராயன் வழக்கம்போல சோடாவைத் தேடினார்.

"சோடா வேண்டாம். முதல்ல மோந்து பாருங்க," என்றார் மேனேஜர்.

ஞாயிறு தவறாமல் டாஸ்மாக் பிராந்தியை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியவர் திம்மராயன். குடிக்கிற பொருளுக்கு மூக்கைக் கொடுக்கலாம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. மோந்தார். தேன் வந்தது. தேனுக்குப் பின்னால் புகை. புகைக்குப் பின்னால் மழையில் நனைந்த மரக்கட்டை. ஒரு வாய் வைத்தார். அது நாக்கில் நின்று, யோசித்து, அவசரமில்லாமல் இறங்கியது. இன்னொரு முறை ஊற்றுவார் என்று காத்திருந்தார். மேனேஜர் பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து ஆரம்பித்தது ஏக்கம். ஆலையில் கூலன்ட் ஆயில் சூடாகி ஆவி வந்தால்கூட திம்மராயன் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். யூடியூபில் தாடி வைத்த ஒருவர் ஸ்காட்சைப் பற்றிப் பாடம் நடத்தினார். சாப்பாட்டு வேளையில் திம்மராயன் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே அதைப் படித்தார். சிங்கிள் மால்ட் என்றால் என்ன, எத்தனை சொட்டுத் தண்ணீர் விட வேண்டும், விலை குறைவாக இருந்தும் ருசியில் குறையாதது எது, எல்லாம் மனப்பாடம்.

விடுமுறை கிடைத்தால் பைக்கை எடுத்துக்கொண்டு ஜூஜுவாடியைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளி மதுக்கடைக்குப் போனார். கூடவே பக்கத்து வீட்டு ஆஞ்சப்பன். டெம்போ ஓட்டுகிறவர்.

"ஏனு பேக்கு சார்?" என்ன வேண்டும் என்று கன்னடத்தில் கேட்பார் கடைக்காரர்.

"சும்னே நோட்தீனி," என்று திம்மராயன் சும்மா பார்த்துக்கொண்டே நிற்பார். கண்ணாடிக்குப் பின்னால் பாட்டில்கள் பொன் நிறத்தில் வரிசையாக நின்றன. அவை திம்மராயனைப் பார்த்தன. திம்மராயன் விலையைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை அந்த வரிசையின் கடைசியில் அது கிடைத்தது. பன்னிரண்டு வருடச் சரக்கு. அதிகம் பேர் கேள்விப்படாத பெயர். கொடுக்கிற காசுக்கு இதைவிட நல்லது இல்லை என்று தாடிக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். வண்டிக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணம் டயருக்குப் போகவில்லை.

"இந்தக் காசுக்கு நம்ம பிராந்தி ஒரு பெட்டியே வரும் குரு," என்றார் ஆஞ்சப்பன்.

"அது குடிக்கிறதுக்கு. இது ரசிக்கிறதுக்கு."

மத்திகிரியில் வீட்டு வாசலில் மனைவி சரசம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திம்மராயன் துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே நுழைந்தார்.

"பையில என்னாங்க?"

"வெண்டைக்கா."

"வெண்டைக்காய யாரும் பச்சப்புள்ளையத் தூக்குற மாதிரி தூக்க மாட்டாங்களே."

பை திறந்தது. சரசம்மா பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தவில்லை. அதுதான் திம்மராயனைக் கலவரப்படுத்தியது.

"இது ஸ்காட்ச் சரசு."

"ஸ்காட்ச்னா பாத்திரம் தேய்க்கிறதுதானே?"

"அது வேற. இது சிங்கிள் மால்ட்."

"சிங்கிள்னா? பொண்டாட்டி இல்லாம ஒத்தையில குடிக்கிறதா?"

திம்மராயன் அவளை உட்காரவைத்து விளக்கினார். இது குடியில் சேராது. இது ரசனை. பன்னிரண்டு வருடம் மரப் பீப்பாயில் பொறுமையாகக் கிடந்து பக்குவப்பட்டது. இதை மடமடவென்று குடிப்பவன் மூடன். "முக்கால்வாசி மூக்குதான் சரசு. வாசனைதான் விஷயம். வாய்க்கு வேலையே கால்வாசிதான்."

"அப்படின்னா ஞாயித்துக்கிழமை பிராந்தி?"

"இத மோந்த மூக்கு அதத் தொடாது."

"சத்தியமா?"

சரசம்மா உள்ளங்கையை நீட்டினாள். திம்மராயன் அந்தக் கையில் ஓங்கி அடித்தார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் நினைக்கவே இல்லை. பாட்டில் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே போய்ப் படுத்தது. சாவி சரசம்மாவின் இடுப்புக்குப் போனது.

ஞாயிறு வந்தது. கறிக்குழம்பு கொதித்தது. சரசம்மா தட்டில் பாட்டிலையும் கண்ணாடிக் கிளாஸையும் வைத்துக்கொண்டு வந்தாள். பதமாக ஊற்றினாள். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று திம்மராயன் உருகிப்போனார். கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார்.

"என்ன தெரியுது?" என்றாள் சரசம்மா.

"தேன். அப்புறம் புகை. லேசா ஆப்பிள்."

"நல்லா மோந்துக்குங்க. எல்லாம் தெரிஞ்சிடுச்சா?"

"அற்புதம்," என்று கண்ணைத் திறந்தார். கையில் கிளாஸ் இல்லை. சரசம்மா மண்ணெண்ணெய் புனலில் ஒரு சொட்டு சிந்தாமல் பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். பயப்படாதீர்கள், புது புனல்.

"ஏய், என்னா பண்ற?"

"முக்கால்வாசி ஆயிடுச்சுல்ல. மிச்சம் கால்வாசிதானே, அது எங்க போவப்போவுது? அடுத்த வாரமும் மோக்கலாம்."

"ஒரு வாயாவது..."

"பன்னெண்டு வருசம் சும்மா கிடந்ததாலதான் இவ்வளவு நல்லாருக்குதுன்னீங்க. இன்னும் கிடந்தா இன்னும் நல்லா ஆவும்."

"பாட்டிலுக்கு வந்துட்டா வயசு ஏறாது சரசு."

"யாரு சொன்னா?"

"யூடியூப்ல ஒருத்தர்."

"அவரு வீட்டு பாட்டில்ல ஏறாம இருக்கும்."

அடுத்த ஞாயிறும் தேன், புகை, புனல். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. திம்மராயனின் மூக்கு நாளுக்கு நாள் கூர்மையானது. ஆப்பிளுக்குப் பின்னால் லவங்கம் இருப்பதைக் கண்டுபிடித்தார். லவங்கத்துக்குப் பின்னால் ஏதோ உலர்ந்த பழம். எல்லாம் கிளாஸின் விளிம்பு வரைக்கும் வந்து, கூப்பிட்டுவிட்டு, புனல் வழியாகத் திரும்பிப் போயின. தொண்டை மட்டும் வறண்டு கிடந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு சாயங்காலம் சத்தியத்தை மீறுவது என்று துணிந்தார். டாஸ்மாக் போனார். குவார்ட்டர் வாங்கினார். மறைவாக நின்று மூடியைத் திருகினார். அங்கேதான் விதி விளையாடியது. பழக்க தோஷத்தில் முதலில் மோந்துவிட்டார். துருப்பிடித்த கியரைக் கழுவுகிற கெமிக்கல் வாசனை குப்பென்று அடித்தது. இதையா இத்தனை காலம் உள்ளே விட்டோம் என்று பாட்டிலைத் தள்ளிப் பிடித்தார். இன்னொரு முறை முயன்றார். முடியவில்லை. பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு, சாலையில் பெங்களூர் பஸ்கள் போவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லது கைக்கு எட்டவில்லை. மட்டமானது மூக்கைத் தாண்டவில்லை.

இப்படித்தான் திம்மராயன், யாருக்கும் சொல்லாமல், தனக்கே தெரியாமல், குடியை விட்டார்.

தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஆஞ்சப்பனின் மனைவி முனிலட்சுமி ஒருநாள் கண் கலங்க வந்து நின்றாள்.

"அக்கா, அண்ணன் தங்கமா மாறிட்டாரு. எல்லாம் அந்த பாட்டில் பண்ண வேலையாமே. எங்க ஊட்டுக்காரருக்கும் ஒரு வாரம் குடுக்கா. மோக்க வச்சிப் பாக்கறேன்."

திம்மராயன் பதறி எழுந்தார். ஆஞ்சப்பனிடமா, அந்தப் பாட்டிலா என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"அண்ணன மாதிரி மனுசனப் பாக்க முடியாது," என்று முனிலட்சுமி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. சரசம்மா பீரோவைத் திறந்தாள். பட்டுப் புடவைகளுக்கு நடுவிலிருந்து பாட்டில் எழுந்து, வாசலைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்குள் போனது. திம்மராயன் ஜன்னல் வரை போய் வழியனுப்பினார்.

மறுநாள் காலையில் முனிலட்சுமி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். காலி.

"மோந்து பாருய்யான்னு குடுத்துட்டு அடுப்பப் பாக்கப் போனேங்கா. திரும்பி வர்றதுக்குள்ள மல்லாந்துட்டாரு."

திம்மராயன் ஆஞ்சப்பனைத் தேடி ஓடினார். டெம்போவுக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் ஆஞ்சப்பன். திம்மராயனுக்குக் கோபத்தைவிட ஆசைதான் முந்திக்கொண்டு வந்தது.

"எப்பிடி இருந்துச்சு?"

"என்னத்தச் சொல்ல குரு. இருமல் மருந்து மாதிரி இருந்துச்சு."

"தேன் தெரிஞ்சுதா?"

"இல்ல."

"ஒரு புகை வாசம் வந்திருக்குமே?"

"வந்துச்சு குரு. பீடி பத்த வச்சிருந்தேன்."

திம்மராயன் வீட்டுக்கு வந்தார். சமையலறையில் சரசம்மா பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, கவிழ்த்து வடித்து, குழாயடியில் குடிதண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். லேபிள் ஊறி உரிந்து வந்தது. பிரிட்ஜைத் திறந்து மோர் சொம்புக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அழகாகத்தான் இருந்தது.

"மொத்தமும் போச்சே சரசு," என்றார் திம்மராயன். "உனக்குக் கொஞ்சங்கூட வருத்தமா இல்லையா?"

"எதுக்குங்க வருத்தம்?" சரசம்மா பிரிட்ஜைச் சாத்தினாள். "நம்ம வீட்டுல அது வந்த வேல எப்பவோ முடிஞ்சிடுச்சு."