ஏழாம் கட்டிலின் நாடி

"நூத்திப் பதினெட்டு."

"இப்பதானே நூத்திப் பத்துன்னீங்க தங்கச்சி?"

"அதான் அண்ணே பயமா இருக்கு. தொடத் தொட ஏறுது."

ஆறாம் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு கிடந்த பஸ் டிரைவருக்குப் பொழுது போகாமல் இருந்தது. இப்போது போக ஆரம்பித்துவிட்டது. தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலை எட்டிப் பார்த்தார்.

ஏழாம் கட்டிலில் மரக்கடைக்காரர், முழுக்கைச் சட்டையும் கழுத்துவரை போர்வையும் வாயில் தெர்மாமீட்டருமாகப் பரம சாதுவாகப் படுத்திருந்தார். குடலிறக்கம், நாளைக்கு ஆபரேஷன். வலது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. இடது கை மட்டும் போர்வைக்கு வெளியே கிடந்தது. அதன் மணிக்கட்டைத்தான், கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி, பயிற்சியில் இருந்த நர்ஸ் உதவியாளர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வார்டில் அவளுக்குப் பேர் அலாரம். வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. அதை எல்லாரும் மறந்தாயிற்று.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு ஆக்ஸிஜன் எழுபதுக்கு இறங்கிவிட்டது என்று அவள் அலறி, சிலிண்டரை உருட்டிக்கொண்டு நாலு பேர் ஓடிவந்தார்கள். பார்த்தால் அந்தப் பெண்ணின் நகத்தில் கருநீல நெயில் பாலிஷ். பாலிஷை அழித்ததும் ஆக்ஸிஜன் ஏறிவிட்டது. அடுத்து ஒருவருக்கு நூற்றைந்து காய்ச்சல் என்று ஐஸ் கொண்டுவரச் சொன்னாள். அவர் அந்த நிமிஷம்தான் கொதிக்கக் கொதிக்க டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்திருந்தார்.

வார்டு பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டர் நேற்று அவளை மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இங்க பாரு. இன்னொரு பொய் அலாரம் அடிச்சே, யூனிபாரத்தைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டு வீட்டுக்குப் போ."

"சரி சிஸ்டர்."

"ஆனா நிஜமாவே ஒருத்தருக்கு ஏதாவது ஆகி நீ சொல்லாம விட்டுட்டே, அப்பவும் வீட்டுக்குப் போ. புரிஞ்சுதா?"

புரிந்தது. இந்தப் பக்கம் போனால் குழி, அந்தப் பக்கம் போனால் பள்ளம்.

வீட்டுக்குப் போவது என்றால் அண்ணியிடம் போவது. அண்ணிதான் ஆளைப் பிடித்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. இதுவும் போனால் அண்ணியின் சமையலறை மூலைதான் கதி. "மூணு ஆள் சாப்பாட்டைச் சாப்பிடறே, உடம்பு மட்டும் தொடப்பக்குச்சி. உள்ள போறதெல்லாம் எங்கதான் போகுதோ" என்று அண்ணி தினம் ஒரு தடவை கேட்பாள். எங்கே போகிறதென்று இவளுக்கும் தெரியவில்லை. பயத்துக்குத் தீனியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். போன வருஷம் வரைக்கும் கரப்பான்பூச்சியை வெறுங்காலால் மிதித்தவள். ஆஸ்பத்திரி வேலைக்கு நேர்காணல் என்ற பேச்சு வந்ததிலிருந்து ஒரே பயம். எல்லாரும் ஃபேனை நிறுத்தச் சொல்லும்போது இவளுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டும். படுத்தால் தூக்கம் இல்லை. கை நடுங்கிக்கொண்டே இருக்கும். யூனிபாரத்தின் இடுப்பில் இரண்டு ஊக்கு குத்தியும் அது நழுவியது.

இப்போது அந்த நடுங்கும் கைதான் மரக்கடைக்காரரின் நாடியில் இருந்தது.

நாடி மட்டும் என்றால் பரவாயில்லை. கை ஜில்லென்று இருந்தது. மார்ச்சுவரி இரும்புத் தட்டு மாதிரி ஜில்.

மரக்கடைக்காரர் தெர்மாமீட்டரை நாக்கால் ஓரம் கட்டி, "ஏம்மா, உனக்கு..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க ஐயா. பேசினா எண்ணிக்கை தப்பிடும்."

அவர் உடனே வாயை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரி என்றால் சொன்னதைக் கேட்க வேண்டும் என்று நம்புகிறவர். இந்த நல்ல குணம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அலாரத்துக்குப் பாடம் ஞாபகம் வந்தது. ரத்த ஓட்ட மண்டலம். இதயம் பம்பு, ரத்தக் குழாய் பைப்பு. பம்பு தலைதெறிக்க ஓடுகிறது, ஆனால் பைப்பின் கடைசியில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? நடுவில் அடைப்பு. நேரே போய் பெரிய சிஸ்டரிடம் சொல்லிவிடலாமா? மருந்து அறைக் கதவு சாத்துகிற சத்தம் காதில் கேட்டது. வேண்டாம். முதலில் உறுதி செய்துகொள்வோம்.

விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கிளிப்பை எடுத்து அவருடைய ஆட்காட்டி விரலில் மாட்டினாள். நகத்தை முன்னாலேயே பார்த்துக்கொண்டாள். பாலிஷ் கிடையாது. சுத்தமான, வெளுத்த நகம். ரொம்பவே வெளுத்த நகம்.

திரையில் வெறும் கோடு.

"என்ன தங்கச்சி காட்டுது?" என்றார் டிரைவர்.

"ஒண்ணுமே காட்டல."

"மெஷின் செத்துப்போச்சா?"

அந்த வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. கிளிப்பைப் பிடுங்கித் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். மேலே தொண்ணூற்றெட்டு என்று பளிச்சென்று வந்தது. கீழே வேறு ஏதோ எண் ஓடியது, அதைப் பார்க்க யாருக்கு நேரம்? மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் குறை கையில்தான்.

குளிர்ந்த விரலில் கிளிப் காட்டாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் துரும்பைப் பிடித்துக்கொண்டு ஓடி, வெந்நீர்ப் பையை நிரப்பி எடுத்துவந்து கையின் மேல் வைத்தாள். வைத்த பிறகுதான் தண்ணீர் எவ்வளவு சூடு என்று பார்க்கவில்லையே என்று உறைத்தது. பையின் அடியைத் தொட்டாள். சுரீர் என்றது.

"ஐயோ, சுடுதா ஐயா?"

மரக்கடைக்காரர் இல்லையென்று தலையாட்டினார்.

"கொஞ்சம்கூடவா?"

கொஞ்சம்கூட இல்லை.

அலாரத்தின் நெஞ்சுக்குள் யாரோ கடப்பாரையால் இடிக்கிற மாதிரி இருந்தது. ரத்த ஓட்டத்தோடு நிற்கவில்லை, நரம்பு மண்டலமும் போய்விட்டது. மெதுவாக அவர் புறங்கையைக் கிள்ளினாள். அவர் அவளையே கருணையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பலமாகக் கிள்ளினாள். கண்கூட இமைக்கவில்லை.

"நீங்க கிள்ளுறத பாத்தா எனக்கே வலிக்குது, அந்த மனுசன் கல்லு மாதிரி கிடக்காரே" என்றார் டிரைவர். அவர் குரலிலும் இப்போது சிரிப்பு இல்லை.

மறுபடி நாடி. நூற்று முப்பத்திரண்டு.

"அண்ணே, இது பக்கவாதமா இருக்குமோ?"

"என்னக் கேட்டா? எனக்கு பஸ்ஸுதான் தெரியும். பிரேக் பிடிக்கலேன்னா கத்தணும், அவ்வளவுதான்."

பக்கவாதத்துக்கு ஒரு சோதனை உண்டு. சிரிக்கச் சொல்ல வேண்டும், கையைத் தூக்கச் சொல்ல வேண்டும், பேசச் சொல்ல வேண்டும். அலாரம் குனிந்தாள். "ஐயா, கொஞ்சம் சிரிங்க."

முகத்துக்கு நேரே வேர்வை சொட்ட, கண் பிதுங்க ஒருத்தி நின்றுகொண்டு சிரி என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? மரக்கடைக்காரர் தெர்மாமீட்டரைக் கடித்தபடி ஒரு பக்கமாக இளித்தார்.

கோணல்.

"பேரைச் சொல்லுங்க."

"ம்ழ்ழ்..."

"பேச்சு குழறுதே அண்ணே!"

"வாயில தெர்மாமீட்டர் இருக்கு தங்கச்சி."

அதை எடுத்தாள். காய்ச்சல் இல்லை. அவர் சந்தோஷமாக உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, "இல்லம்மா, உனக்கு என்ன..." என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஐயா. விரலை மடக்குங்க."

"அது மடங்காதேம்மா."

"எப்பலேருந்து?"

"அது ஆச்சு வருஷக்கணக்கா. ஆனா நான் சொல்ல வந்தது என்னன்னா, உனக்கு..."

குழப்பம். வருஷக்கணக்கு என்கிறாரே, காலம் இடம் தெரியவில்லை, மூளையைத் தொட்டுவிட்டது. அலாரம் கடைசியாக ஒரு தடவை நாடியைப் பிடித்தாள். பிடி வழுக்கியது, அவ்வளவு வேர்வை. கட்டைவிரலுக்கு அடியில் அது குதிரை ஓடுகிற மாதிரி ஓடியது. நூற்று நாற்பது.

பெரிய சிஸ்டரின் முகம் ஒரு கண்ணில், வெள்ளைத் துணி மூடிய ஸ்ட்ரெச்சர் ஒரு கண்ணில். சமையலறை மூலை போனால் போகட்டும். இந்த மனுஷன் போகக் கூடாது. அழுதுகொண்டே சுவரில் இருந்த சிவப்பு மணியை அழுத்தினாள்.

வார்டே அதிர்ந்தது. டியூட்டி டாக்டர் ஓடிவந்தார். பின்னால் பெரிய சிஸ்டர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அலாரம் விக்கி விக்கி ஒப்பித்தாள்: "நாடி நூத்தி நாப்பது, கை ஐஸ், உணர்ச்சி இல்ல, விரல் மடங்கல, வாய் கோணல், ஆள் குழம்பிப் பேசறாரு."

டாக்டருக்கே முகம் வெளுத்தது. "மூவ் பண்ணு, ஸ்கேனுக்கு எடுத்துட்டுப் போகணும்" என்று கட்டிலின் சக்கரத்தை விடுவித்தார்.

அந்த நேரம் பார்த்து மரக்கடைக்காரரின் மனைவி கையில் ஃபிளாஸ்க்கோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கொஞ்சம் நகருங்கம்மா. அவருக்குப் பால் ஊத்தணும். அதுக்கு முன்னால இந்தக் கையைக் கழட்டி வெச்சுடறேன், ரொம்ப நேரம் மாட்டியிருந்தா தோள்பட்டை வலிக்கும்."

சொல்லிக்கொண்டே சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, ஒரு வாரை அவிழ்த்து, இடது கையைக் கழற்றினார். துணிப்பையில் துண்டுக்கு மேல் பத்திரமாக வைத்தார். பிறகு நிமிர்ந்து, "யாரு இதும்மேல வெந்நீர்ப் பையை வெச்சது? தோல் மாதிரியே செஞ்ச ரப்பர், உருகினா வேற கை வாங்கணும்" என்றார்.



முதலில் டிரைவர் சிரித்தார். மாவுக்கட்டு கட்டிலில் இடிக்க இடிக்கச் சிரித்தார். டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றார் பெரிய சிஸ்டர்.

"அட்மிஷன்ல எல்லாருக்கும் தெரியுமே" என்றார் மரக்கடைக்காரர். "ரம்பத்துல போன கை. ஆஸ்பத்திரியில ரப்பர் கைக்கும் நாடி பார்ப்பாங்க போல, புது வைத்தியம்னு நெனச்சேன்."

பெரிய சிஸ்டர் அலாரத்தின் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. உயராததுதான் பயங்கரமாக இருந்தது.

"நீ எந்த விரலால நாடி பார்த்தே?"

அலாரம் கட்டைவிரலைக் காட்டினாள்.

"முதல் நாளே சொன்னேனா இல்லையா? கட்டைவிரலுக்கே ஒரு துடிப்பு உண்டு, அதால பார்த்தா உன் நாடியைத்தான் நீ எண்ணுவேன்னு. ரப்பருக்கு எங்கடி நாடி? நீ பயப்படப் பயப்பட உன் நாடி ஏறியிருக்கு, அது ஏறறதைப் பார்த்து நீ இன்னும் பயந்திருக்கே." பிறகு மெதுவாகச் சொன்னார்: "போ. மடிச்சு வெச்சுட்டுப் போ."

அலாரம் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றப் போனாள். நடுங்கிய விரலுக்கு ஊக்கு பிடிபடவில்லை. மரக்கடைக்காரரின் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு டம்ளர் பால் கொடுத்தார். பாதி யூனிபாரத்தில் சிந்தியது. மீதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பதுபோல ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள்.

"இப்பவாவது என்னைப் பேச விடுவீங்களா?" என்றார் மரக்கடைக்காரர். "காலையிலேருந்து இந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு கேக்கணும்னு பார்க்கறேன். 'உனக்கு'ன்னு வாயத் திறந்தா பேசாதேங்குது. ஏம்மா, உனக்கு எப்பவும் இப்படித்தான் வேர்க்குமா? நிறைய சாப்பிட்டும் இளைச்சுக்கிட்டே போறியா? தூக்கம் உண்டா?"

அவள் விழித்தாள். பிதுங்கிய கண்ணால்தான் விழித்தாள்.

"இவளும் இப்படித்தான் இருந்தா" என்று மனைவியைக் காட்டினார். "பல்லியைப் பார்த்தா அழுவா. பயந்தாங்கொள்ளின்னு நாங்களே கேலி பண்ணினோம். அப்புறம்தான் தெரிஞ்சுது, தைராய்டு."

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். அருகில் வந்து அவள் மணிக்கட்டை, இந்தத் தடவை சரியான விரல்களால், பிடித்தார். கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொன்னார். மறுபடி பிடித்தார். எச்சில் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். பத்து விரலும் காற்றில் பட்ட இலை மாதிரி ஆடின.

"உக்காந்த பிறகும் இறங்கல. பயத்துல ஏறினா இந்நேரம் இறங்கியிருக்கணும். கழுத்துல வீக்கம் வேற இருக்கு. உடனே ரத்தம் எடுங்க, ரிசல்ட் வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். தைராய்டா இருந்து இப்படியே விட்டிருந்தா இதயம் பழுதாகியிருக்கும்." அவர் அவளைப் பார்த்தார். "சுரப்பிகள் பத்தி உங்களுக்குப் பாடமே எடுக்கலியா?"

எடுத்தார்கள். அன்று மதியம் பசி தாங்காமல் அவள் கேன்டீனுக்கு ஓடிவிட்டாள்.

ரத்தம் எடுத்து, எட்டாம் கட்டிலில் அவளைப் படுக்கவைத்தார்கள். பெரிய சிஸ்டர் அவள் சட்டையிலிருந்து தானே கழற்றின பேட்ஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திருப்பிக் குத்துவதா, மேஜைக்குள் போடுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

ஆறாம் கட்டிலிலிருந்து டிரைவர் தொண்டையைக் கனைத்தார்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்றேன். அலாரம் சரியாத்தான் அடிச்சிருக்கு. கட்டில் நம்பர்தான் மாறிப்போச்சு."

பெரிய சிஸ்டர் பேட்ஜின் ஊக்கைத் திறந்தார், மறுபடி மூடினார். அந்த பேட்ஜ் உங்கள் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்: அது பொய் அலாரமா?